பூரிக்கட்டையில ஓடுன கேமரா

முதல்லயே சொல்லிடுறேன். இது பாதி கேமரா பதிவு, பாதி எங்க தாத்தா பதிவு. கேமரான்னதும் முழ நீள லென்ஸ் மாட்டுன பெரிய சாமானா இருக்கும்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது சட்டைப் பையில போடுற சோப்பு டப்பா சைஸ் கேமரா. அதை உள்ள பேட்டரியே போடாம, வெளியில இருந்து கரண்ட் குடுத்து, ஒரு நாள் முழுக்க அசையாம ஓட வச்சதுதான் மேட்டர். நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், பாக்குறது பொட்டி தட்டுற வேலை. நாலு வருஷப் படிப்பை வச்சு உருப்படியா செஞ்ச ஒரே காரியம் இதுங்கிறதால கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் எழுதுவேன். பொறுத்துக்குங்க மக்கா.

கேமரா, கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். 2008-ல வந்த மாடல். எட்டு மெகாபிக்சல், நாலு மடங்கு ஜூம், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த செல் ரெண்டு போட்டா ஓடும். துபாய்ல இருந்த சித்தப்பாகிட்ட சொல்லி அப்பா வாங்கினது. நான் அப்போ ஆறாப்பு. குற்றாலம் போனா மெயின் அருவி முன்னாடி நின்னு ஒண்ணு, ஐந்தருவியில தலை துவட்டும்போது ஒண்ணு, கல்யாண வீட்டுல பந்தியில ஒண்ணு. அதோட உறையில போட்டு பீரோவுக்குள்ள வச்சுருவாங்க. என் கைக்குக் குடுத்ததே காலேஜ் சேர்ந்த பிறகுதான்.

யோசிச்சுப் பாத்தா இந்த மாதிரி குட்டி கேமராவ வடிவமைச்சவங்க மனசுல இருந்ததும் எங்க அப்பா மாதிரி ஒரு ஆள்தான். எடுத்தமா, அணைச்சமா, பையில போட்டமான்னு இருக்குறவர். உள்ள இருக்குற செல்லும் அதுக்கு ஏத்த அளவுதான். ஒரே இடத்துல உக்காந்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணையே பாத்துக்கிட்டு இருக்கணும்னு அந்த கேமராகிட்ட யாரும் சொன்னதில்ல.

ஆனா எனக்கு அதுதான் வேணும்னு ஆச்சு. ஏன்னு சொல்லிட்டு சர்க்யூட்டுக்கு வர்றேன்.

எங்க வீடு தென்காசியில. (2019 நவம்பர் 22-லருந்து நாங்களும் மாவட்டத் தலைநகரம், தெரியும்ல? :-) ) மொட்டை மாடியில நின்னா மேற்கு முழுக்க மலை. வெளியூர்க்காரங்களுக்காக சாரல்னா என்னன்னு ரெண்டு வரி: ஜூன்ல தென்மேற்குப் பருவமழை தொடங்கினதும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டித் தீர்க்கும். அதுல மிஞ்சினது செங்கோட்டைக் கணவாய் வழியா காத்தோட சேர்ந்து எங்க பக்கம் பொடிப்பொடியா வந்து விழும். குடை பிடிச்சா பிரயோஜனம் இல்ல, பக்கவாட்டுல வரும். பத்து நிமிஷம் வெயில், அஞ்சு நிமிஷம் தூறல், திரும்ப வெயில். இந்த நேரத்துல மலை ஒரு மாதிரி இருக்காது. இப்பப் பாத்த மலை அடுத்த வாய் காபி குடிச்சுட்டு நிமிர்ந்தா இருக்காது, மேகம்தான் இருக்கும்.

தாத்தாவுக்கு வயசு 82. மின்சார வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில ஆறு மணிக்கு காபி டம்ளரோட மாடி ஏறிருவார். கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் மலையப் பாப்பார். அப்புறம் அறிவிப்பு வரும். "மேகம் மரத்துக்குக் கீழ எறங்கிட்டு. பத்து மணிக்கு மேல தண்ணி கூடும்டே." பெரும்பாலும் கூடும். எங்க மாடியில இருந்து அருவி தெரியாது. அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்குற அருவியில தண்ணி எப்படின்னு மேகத்தை வச்சே சொல்லிருவார். குற்றாலத்துல இருந்து நிமிஷத்துக்கு ஒரு வீடியோ வர்ற இந்தக் காலத்துலயும், விருதுநகர், ராஜபாளையத்துல இருந்து சொந்தக்காரங்க வேன் பிடிக்கிறதுக்கு முன்னாடி தாத்தாவுக்குத்தான் போன் போடுவாங்க. "மாமா, இன்னைக்கு வரலாமா?"

விளையாட்டா சொல்லுற விஷயமும் இல்ல அது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில திடீர்னு வெள்ளம் வந்து, 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சுட்டுப் போயிட்டு. சீசன்கூடத் தொடங்கலை அப்போ. சாயங்காலம் செய்தி பாத்துட்டு தாத்தா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் எங்க வீட்டுப் பொடிசுங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னார்: "குளிக்கும்போது அருவியப் பாக்காதீங்கல. மலையப் பாருங்க. அங்கன கறுத்தா இங்கன நிக்கப்படாது."

இப்போ அந்த மலை போகப் போகுது. அதாவது மலை அங்கேயேதான் இருக்கும், எங்களுக்குத்தான் தெரியாது. மேற்கால சும்மா கிடந்த மனையில வீடு எழும்புது. கீழ ஒண்ணு, மேல ரெண்டு. நல்ல மனுஷங்க, மகளுக்கும் பேத்திக்கும் சேர்த்துக் கட்டுறாங்க. அவங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. மோட்டாருக்கு ஒயர் எந்தப் பக்கமா இழுக்கணும்னு தாத்தாவே போய் யோசனை சொல்லிட்டு வந்தார். தூணுக்குக் கம்பி கட்டி நிறுத்தினப்போ நான் ஊருக்கு வந்திருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது யாரும் எதுவும் கேக்காமலே சொன்னார்: "அடுத்த வருஷம் மாடி ஏறுத வேலை இல்லடே. முட்டிக்கு நல்லதுதான்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை.

அப்படித்தான் 2025 ஜூலையில ரெண்டு வாரம் வீட்டுல இருந்து வேலை பாக்குறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு பொதிகை ஏறினேன். காலையில ஆறு மணியில இருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும், அந்த மாடியில இருந்து, தாத்தா நிக்கிற அதே இடத்துல இருந்து, மலையை ஒரு நாள் முழுக்க எடுத்துடணும். 15 நொடிக்கு ஒரு படம். பன்னெண்டரை மணி நேரத்துக்கு 3000 படம். நொடிக்கு 25 படம்னு ஓட்டினா சரியா ரெண்டு நிமிஷ வீடியோ.

"போன்லயே டைம்லாப்ஸ் இருக்கேப்பா"ன்னு ஒருத்தராவது கேப்பீங்க. இருக்கு. ஆனா பன்னெண்டரை மணி நேரம் போனை மாடியில தூறல்ல நிக்க வச்சா ஆபீஸ் ஓடிபி எங்க வரும்? தவிர, போன் குடுக்குறது சுருட்டின வீடியோ. எனக்குத் தனித்தனிப் படமா, ஒவ்வொண்ணுலயும் எடுத்த நேரத்தோட வேணும். வெயில்ல போன் சூடாகி நடுவுல படுத்துக்கிட்டா அதுக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. சும்மா கிடக்குற கேமரா இருக்கும்போது அதுக்கு ஒரு வேலை குடுப்போமேன்னு ஒரு ஆசையும் உண்டு, மறைப்பானேன்.

இந்த கேமராவுல தானா 15 நொடிக்கு ஒருக்கா எடுக்குற வசதி கிடையாது. அதுக்கு சிஎச்டிகேன்னு ஒண்ணு இருக்கு. கேனான் குட்டி கேமராக்களுக்காக ஆர்வலர்கள் எழுதின இலவச மென்பொருள். மெமரி கார்டுல போட்டு, கார்டு ஓரத்துல இருக்குற பூட்டை லாக்ல தள்ளிட்டா, கேமரா முழிக்கும்போது அதுவும் சேர்ந்து முழிக்கும். கேமராவுக்குள்ள எதையும் மாத்தி எழுதாது. பூட்டை எடுத்துட்டா பழைய கேமராதான். அதுல சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு ஓட விட்டா நாள் முழுக்க சொன்ன நேரத்துக்கு கிளிக் பண்ணிட்டே இருக்கும். பழைய 2 ஜிபி கார்டு போதும். பெரிய கார்டுல இருந்து இந்தக் காலத்து கேமராவ முழிக்க வைக்க தனியா சில வித்தை பண்ணணும், எதுக்கு வம்பு? படத்தை 1600-க்கு 1200-னு வச்சா ஒண்ணு அரை எம்பிக்குச் சொச்சம், 3000 படமும் அந்தக் கார்டுலயே அடங்கிடும்.

இப்போதான் பேட்டரி பிரச்சினை. திரையை அணைச்சு வச்சா கேமரா சராசரியா 0.4 ஆம்பியர் இழுக்குது, நானே மீட்டர் வச்சுப் பாத்தேன். 2000 மில்லி ஆம்பியர் ரீசார்ஜ் செல் ரெண்டு போட்டா மூணு மணி நேரம், ரொம்ப மிஞ்சினா நாலு. அப்போ நடுவுல மூணு தடவையாவது செல் மாத்தணும். மாத்துனா என்னன்னு கேப்பீங்க. மூடியத் திறந்தா கேமரா அணைஞ்சுடும், லென்ஸ் உள்ள போயிடும், ஜூம் மறந்துடும், ஸ்டாண்டுல ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வீடியோவுல மலை துள்ளும். ஒரு நாள் ஒரே நாளா இருக்காது, நாலு துண்டா இருக்கும்.

கேமரா கம்பெனிக்காரங்க இதுக்கு வழி வைக்காம இல்ல. ஏ590-ல பக்கவாட்டுல ரப்பர் மூடிக்குள்ள ஒரு டிசி ஓட்டை உண்டு. அதுக்குன்னு தனியா ஒரு அடாப்டர் வித்தாங்க. 3.15 வோல்ட், 2 ஆம்பியர். அது என்ன கணக்கு 3.15-னு யோசிக்காதீங்க, புது செல் ரெண்டு சேர்ந்தா கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அந்த அடாப்டர் இப்போ தென்காசியில கிடைக்குமா? அந்த ஓட்டைக்குப் பொருந்துற பின்கூட கிடைக்கலை. கிடைச்சாலும் சுவர்ல சொருகுற அடாப்டர் கரண்ட் போனா அதோட போச்சு. எனக்கு வேண்டியது சுவரை நம்பாத கரண்ட்.

பவர்பேங்க் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்துச்சு. அதுல ரெண்டு சிக்கல். இந்த கேமராவோட யூஎஸ்பி ஓட்டை படம் இறக்க மட்டும்தான், கரண்ட் ஏத்திக்காது. ரெண்டாவது, சில பவர்பேங்க் கம்மியா கரண்ட் இழுத்தா "ஓ, சார்ஜ் ஏறி முடிஞ்சுது போல"ன்னு நினைச்சு தானா அணைஞ்சுக்கும். நடு மத்தியானம் அது தூங்கிட்டா நம்ம கதை கந்தல். (போற போக்குல ஒண்ணு: 10000-னு போட்டிருக்கிறது உள்ள இருக்குற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாத்தினா நஷ்டம் எதையும் கழிக்காமலே 7400-தான். எண்ணைப் பாத்து மயங்காதீங்க.)

வீட்டுல தேடினா அப்பா ஜெராக்ஸ் கடை யூபிஎஸ்ல இருந்து கழட்டின 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒண்ணு கிடந்துச்சு. செங்கல் மாதிரி கனம். வோல்டேஜை இறக்க எல்எம்2596-ன்னு ஒரு ஐசி போட்ட குட்டி மாட்யூல், சென்னை ரிச்சி தெருவுல எப்பவோ வாங்கி வச்சது என் பையிலேயே இருந்துச்சு. 12 வோல்ட்டை வாங்கிக்கிட்டு நாம திருகுற அளவுக்கு இறக்கிக் குடுக்கும். கேமராவுல மாட்டுறதுக்கு முன்னாடியே மீட்டரை வச்சு 3.15-க்குத் திருகி, திருகாணி மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு உறைய வச்சுட்டேன். நெயில் பாலிஷ் தங்கச்சியோடது, அவளுக்கு இன்னும் தெரியாது.

அடுத்த கேள்வி, மாட்யூலை எங்க வைக்கிறது? பேட்டரி மாடிப்படி ரூம்ல, நனையாம இருக்கணும். கேமரா மாடி மேற்கு ஓரத்துல. நடுவுல ஆறு மீட்டர். என்கிட்ட இருந்தது மெல்லிசு ஸ்பீக்கர் ஒயர், போக வர 12 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஓம். லென்ஸ் மோட்டார் சுத்துற நேரத்துல கேமரா 2 ஆம்பியர் கேட்டா, ஒயரே 2 வோல்ட்டைத் தின்னுடும். 3.15-ல 2 போனா கேமராவுக்கு என்ன மிஞ்சும்? அதையே 12 வோல்ட்டா கொண்டு போனா அதே வேலைக்கு 0.7 ஆம்பியர்கூட ஓடாது. ஒயர் தின்னுறது முக்கால் வோல்ட்டுக்கும் கம்மி. 12-ல முக்கால் போனா யாருக்கு நஷ்டம்? அதனால மாட்யூல் கேமரா பக்கத்துல, ஸ்டாண்டு காலுலேயே.

இதை நான் பேப்பர்ல கணக்கு போட்டுக்கிட்டு இருந்தப்போ தாத்தா எட்டிப் பாத்தார்.

"என்னல எழுதுத?"

சொன்னேன். சிரிச்சுட்டார்.

"இதுக்கு என்னல பேப்பரு? பதினோராயிரத்த தெருமுக்கு வரைக்கும் கொண்டாந்துட்டு அங்கன வச்சுத்தான் எறக்கணும். டிரான்ஸ்பார்மர ஊருக்கு வெளிய வச்சுட்டு வீட்டுக்கு எறக்கினத இழுத்தா கடைசி வீட்டுல பல்பு மினுங்கும்லா."

நாலு வருஷம் காலேஜ்ல ஃபீஸ் கட்டினது ஞாபகம் வந்துச்சு. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல ஓடத் தொடங்கினது. தாத்தா வேலைக்குச் சேர்ந்த புதுசுல அங்க கொஞ்ச நாள் இருந்தாராம். அங்க ஆரம்பிச்சு கம்பம் கம்பமா எந்தெந்த லைன் எங்க போச்சுன்னு ஒரு மணி நேரம் சொன்னார். இத்தனை வருஷத்துல அவர் வேலையப் பத்தி என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்ல. நானும் கேட்டதில்ல. கடைசியா பேட்டரிய ஒரு நோட்டம் விட்டுட்டு, "பியூஸ் எங்க?"ன்னார். பேட்டரி முனையிலேயே போட்டிருந்த 2 ஆம்பியர் பியூஸைக் காமிச்சேன். தலையாட்டினார். பரீட்சையில பாஸ் ஆன மாதிரி இருந்துச்சு.

மிச்சம் இருந்தது ஒண்ணுதான். டிசி பின் இல்ல, அப்போ கரண்ட்டை கேமராவுக்குள்ள எப்படி அனுப்ப? செல் இருக்குற இடத்துல செல் மாதிரியே ஒண்ணைச் செஞ்சு வைக்கணும். டம்மி பேட்டரி. அந்த செல் அளவு 14.5 மில்லிமீட்டர் தடிமன், 50.5 நீளம். கரண்ட் ஓடாத பொருளா இருக்கணும், உருண்டையா இருக்கணும். என் யோசனை எங்க போச்சு தெரியுமா? சொப்புச் சாமான்!

அம்பாசமுத்திரம் மரச்சொப்பு தெரியும்ல, சிவப்பும் மஞ்சளுமா அரக்குப் பூசி, குட்டி அம்மி, உரல், அடுப்பு எல்லாம் இருக்குமே? குற்றாலம் கடைவீதியில தொங்கும். சாயங்காலமா பைக்க எடுத்துக்கிட்டுப் போனேன். மெயின் அருவியில தண்ணி மிதமா விழுந்துக்கிட்டு இருந்துச்சு, ஆர்ச் பக்கமே வரலை. (தண்ணி ஆர்ச்சைத் தாண்டினா குளிக்க விட மாட்டாங்க.) ஒரு முங்கு முங்கிட்டு, தலையில தண்ணி சொட்டச் சொட்டக் கடைக்குப் போய் பூரிக்கட்டை சைஸா பாத்து எடுத்தேன். கடைக்கார அக்கா, "எத்தன வயசுப் பிள்ளைக்குண்ணே?"ன்னு கேட்டாங்க. எம்பத்தி ரெண்டுன்னேன். ஒரு மாதிரியா பாத்துட்டு காசை வாங்கிக்கிட்டாங்க. வர்ற வழியில பிரானூர் பார்டர்ல பரோட்டா. 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்துச்சு, அந்த பார்டர்தான் பேர்ல மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. பரோட்டாவ நாலு வரியில எழுதுறது பாவம், அது தனிப் பதிவு.

அருவிகிட்டயே கேமராவ வைக்கலாமேன்னு அப்பா கேட்டார். வைக்கலாம், ஆனா அங்க பறக்குற தண்ணித் தூசியில கேமரா அரை மணி நேரம் தாங்காது. அது போகட்டும். ஜனங்க குளிக்கிற இடத்துல நாள் முழுக்க ஒரு கேமராவ நிறுத்தி வைக்கிறது சரியில்ல. எனக்கு வேண்டியது மேகம்தான்.

பூரிக்கட்டையோட கைப்பிடிய வெட்டிட்டு, உப்புத்தாளால தேய்ச்சுத் தேய்ச்சு, கழட்டின செல்லோட ஒப்பிட்டு ஒப்பிட்டு ரெண்டு உருளை செஞ்சேன். செல் ரெண்டும் தலைகீழா எதிர் எதிரா நிக்கும், மூடியில இருக்குற தகடு ஒரு பக்கத்தை இணைக்கும், கேமராவுக்குள்ள இருக்குற ரெண்டு முனையிலதான் கரண்ட் எடுக்கும். அப்போ டம்மிக்கும் உள்பக்க முனை மட்டும் போதும். ஒண்ணுல பிளஸ், ஒண்ணுல மைனஸ். பித்தளை டிராயிங் பின்னை அடிச்சு, அதோட அடியில ஒயரை ஈயம் வச்சுப் பத்தவச்சு, உருளையில ஒரு பள்ளம் செதுக்கி ஒயரைப் படுக்க வச்சேன். மூடி சரியா மூடலேன்னா கேமரா முழிக்காது. அதுக்காக மூடி ஓரத்துல அரத்தால ஒரு நூல் அளவு தேய்ச்சு ஒயருக்கு வழி விட்டேன். கேமரா பக்கத்துலயே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், லென்ஸ் திடீர்னு இழுக்கும்போது கை குடுக்க.

லித்தியம் பேட்டரி போடுற கேமரா வச்சிருக்கவங்களுக்கு என்னோட பூரிக்கட்டை உதவாது. அதுக்கு அந்தந்த பேட்டரி வடிவத்துலேயே டம்மி விக்கிறாங்க. நிறைய மாடல்ல பேட்டரி மூடி ஓரத்துல சின்ன ரப்பர் கதவு ஒண்ணு இருக்கும், இது எதுக்குன்னு நாம யோசிச்சே இருக்க மாட்டோம். அந்த ஒயர் வெளிய வர்றதுக்குத்தான். பேட்டரி மேல போட்டிருக்குற வோல்ட்டைப் பாத்து அதுக்கு ஏத்ததை வாங்குங்க. பிளஸ் மைனஸை ரெண்டு தடவை பாருங்க. இப்போ வர்ற யூஎஸ்பி-சி கேமரா சிலதுல இந்தக் கூத்து எதுவும் வேணாம், நேரா சொருகினா ஓடும். கொடுத்து வச்சவங்க.

சுவிட்சை அமுக்கினேன். பச்சை விளக்கு, லென்ஸ் வெளிய வந்துச்சு. ரெண்டு மரக்கட்டைய வயித்துல வச்சுக்கிட்டு ஒரு கேமரா முழிக்கிறதை நீங்க பாத்திருக்கணும். அம்மாவுக்கு நம்பிக்கையே வரலை. திறந்து காட்டுன்னு சொல்லிப் பாத்தாங்க.

ஞாயித்துக்கிழமை. விடியுமுன்ன மாடிக்குப் போய் ஸ்டாண்டு காலுக்கு செங்கல் கட்டி நிறுத்தியாச்சு. எங்க ஊர்க் காத்து சாதாரணக் காத்து இல்ல, சுத்துவட்டாரத்துல காத்தாடி ஆலை நட்டு வச்சிருக்காங்கன்னா சும்மாவா? நாலு லிட்டர் பெயிண்ட் வாளியைப் படுக்க வச்சு, அடியில ஓட்டை போட்டு, கேமராவ உள்ள விட்டு லென்ஸை அந்த ஓட்டைக்கு நேரா வச்சேன். ஐஎஸ்ஓ 80, அபெர்ச்சர் ஒரே அளவு, ஃபோகஸ் தூரத்துல பூட்டியாச்சு, ஃபிளாஷ் கிடையாது, திரை அணைச்சாச்சு. ஆறு மணிக்கு முதல் கிளிக்.

எதை எப்படி மறைச்சாலும் கேமரா மேற்கப் பாக்குது, சாரல் மேற்கேயிருந்து வருது. லென்ஸ்ல பொடித் துளி விழத்தான் செய்யும். யாராவது பக்கத்துலயே இருந்து துடைக்கணும். தாத்தா ஒண்ணும் கேக்காம ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு, பழைய வேட்டித் துண்டு ஒண்ணை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். ஒரு கிளிக் சத்தம் கேட்டதும் ஒத்தி எடுப்பார், அடுத்த கிளிக்குக்கு 15 நொடி இருக்கே. லைன்மேன் கை, ஒயரைத் தொடாம துணி மட்டும் லென்ஸைத் தொடும். சாப்பாடு மேலேயே வந்துச்சு. நடுவுல ஒரு மூணு மணி நேரம் கரண்ட் போச்சு. கீழ ஃபேன் நின்னு ஆச்சி விசிறி எடுத்தாங்க, கேமராவுக்கு அது தெரியவே தெரியாது.

ஆறரைக்கு நிறுத்தினப்போ அந்தச் செங்கல் பேட்டரி இன்னும் தெம்பாத்தான் இருந்துச்சு. 12 வோல்ட் பக்கம் 0.13 ஆம்பியர்தான் ஓடுது, பன்னெண்டரை மணி நேரத்துக்கு ரெண்டு ஆம்பியர்-மணிகூட ஆகலை. ரெண்டு நாள்கூட ஓடியிருக்கும்.

3000 படத்தையும் லேப்டாப்ல ஏத்தி வீடியோவா கோத்தேன். நானே சொல்லக் கூடாது, நல்லா வந்திருந்துச்சு. விடியக்காலம் மலை நீலமா சும்மா நிக்குது. அப்புறம் பின்னால இருந்து பால் பொங்குற மாதிரி மேகம் பொங்கி, உச்சியத் தாண்டி இந்தப் பக்கம் வழியுது. வழிஞ்சு பாதி மலையில காணாமப் போகுது. வெயில் ஒரு பட்டையா மேல இருந்து கீழ நகருது. இடது ஓரத்துல பக்கத்து மனைத் தூண்கம்பி நாலு, நாள் முழுக்க அசையாம நிக்குது. நடுவுல இருபது முப்பது இடத்துல வெள்ளையா ஏதோ மின்னி மறையுது. என்னன்னு நிறுத்திப் பாத்தா தாத்தாவோட கையும் வேட்டித் துண்டும். அந்தப் படங்களை எடுத்துட்டா வீடியோ இன்னும் வழவழன்னு இருக்கும். எடுக்கலை.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சு டிவியில போட்டேன். ரெண்டு நிமிஷம். அம்மா, "அடேயப்பா"ன்னாங்க. தங்கச்சி அனுப்பி வைன்னு சொன்னா. தாத்தா ஒண்ணும் சொல்லலை.

"எப்படி தாத்தா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மலை இப்படி ஓடாதுல்லா. மெல்லமா ஓட்டு."

பாதி வேகத்துல வச்சேன். "இன்னும்"னார். அதுலயும் பாதி. "இன்னும்டே." கடைசியில நொடிக்கு ஒரு படம்னு வச்சேன். 3000 படம், 50 நிமிஷம். அம்மாவும் தங்கச்சியும் எழுந்து போயிட்டாங்க. அப்பா உக்காந்தபடியே தூங்கிட்டார். தாத்தா மட்டும் கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டு, காலையில மாடியில உக்காந்திருந்த மாதிரியே உக்காந்துக்கிட்டார். ஆச்சி பால் கொண்டாந்து வச்சாங்க, அது ஆறி ஆடை கட்டுச்சு.

பாதிக்குக் கொஞ்சம் முன்னால, "நிறுத்து"ன்னார். மேகம் மலை இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்த படம்.

"இது பதினொன்னேகால் இருக்கும். என்ன போட்டிருக்கு பாரு."

படத்தோட விவரத்தைத் திறந்து பாத்தேன். 11:08.

"ஏழு நிமிசம் பிந்திட்டேன்"னார். "சரி, ஓட்டு."

முழுசும் முடிஞ்சு திரை கறுத்ததும் எழுந்து, ஆறுன பாலைக் குடிச்சுட்டு, கதவுகிட்ட போய்த் திரும்பினார். "ஆடிக் காத்து வலுக்கட்டும். அப்ப மேகம் இதவிட நல்லா வரும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு பேட்டரிய சார்ஜ் போட்டு வை. வேட்டித் துண்ட நான் எடுத்து வச்சிருக்கேன்."

டிஸ்கி: பூரிக்கட்டைய மட்டும் தனியா தர மாட்டாங்க, செட்டாத்தான் வாங்கணும். எனக்கு ரெண்டு கட்டை வேணும்னு ரெண்டு செட்டு வாங்கினேன். மிச்சம் இருந்த அம்மி, உரல், அடுப்பு எல்லாம் பக்கத்து மனைக்காரங்க பேத்திகிட்ட குடுத்தாச்சு. அங்க கொட்டி வச்சிருக்குற மணல்ல உக்காந்து தினமும் சமையல் நடக்குது. பூரி மட்டும் போட முடியலையாம்.